தேவ சித்தம் தெரியாமல் திண்டாடுகிறோம்: வாசகர் கேள்வி பதில்

வருஷம் பிறந்ததும், அந்த வருஷத்துக்கென்று ஒரு வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை கைக்கு வந்துவிடுகிறது, பின்னாலேயே கடிதங்களும் வந்துவிடுகின்றன. இந்த முறை வந்தவை பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: இது தேவ சித்தமா, அதாவது கடவுளின் விருப்பமா இல்லையா, எப்படித் தெரிந்துகொள்வது? பெயர் போடாதீர்கள் என்று பலரும் கேட்டிருப்பதால் எல்லாருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன். கடிதங்களைச் சுருக்கியதற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: எனக்கு 28 வயது, வங்கியில் வேலை. எந்த வரன் வந்தாலும் அப்பா ஒரு பாஸ்டரிடம் ஜெபிக்கச் சொல்லுவார், அவர் "சித்தம் இல்லை" என்பார். அம்மா இன்னொரு சிஸ்டரிடம் கேட்பார், அவர் "சித்தம்தான்" என்பார். கடைசியாக வந்த வரனுக்குச் சீட்டு எழுதிப் போட்டு அக்கா மகனை எடுக்கச் சொன்னார்கள். "இல்லை" என்று வந்தது. எனக்கு அவரைப் பிடித்திருந்தது. தேவ சித்தத்தை மீறி ஆசைப்படுகிறேனா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: தங்கச்சி, பாஸ்டர் என்ன சொன்னார், சிஸ்டர் என்ன சொன்னார், அக்கா மகன் எந்தச் சீட்டை எடுத்தான் என்று எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பையன் எப்படிப்பட்டவர், குடிப்பாரா, கோபம் வந்தால் என்ன செய்வார், கடன் இருக்கிறதா, கர்த்தருக்குப் பயப்படுகிறவரா, இதைப்பற்றி ஒரு வரிகூட இல்லையே. வீட்டில் யாரும் விசாரிக்கவில்லையா, இல்லை விசாரித்தும் அது முக்கியமாகப் படவில்லையா?

கல்யாணத்துக்கு அடையாளம் கேட்பது என்றாலே ஆதியாகமம் 24-ஐ எடுத்துக்கொள்வார்கள். எஜமானின் மகனுக்குப் பெண் தேடிப் போன ஆபிரகாமின் ஊழியக்காரன் துரவண்டையில் நின்று அடையாளம் கேட்டான், வாஸ்தவம்தான். என்ன அடையாளம் கேட்டான் என்று பாருங்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டால், உம்முடைய ஒட்டகங்களுக்கும் வார்க்கிறேன் என்று தானாகச் சொல்லுகிற பெண்ணாக இருக்கட்டும் என்றான். அவனோடு வந்தவை பத்து ஒட்டகங்கள். தூரப் பிரயாணம் வந்த பத்து ஒட்டகத்துக்குக் குடத்தால் மொண்டு மொண்டு ஊற்றுவதென்றால் இடுப்பு ஒடிந்துபோகும். முன்பின் தெரியாத வழிப்போக்கனுக்காக அதைச் செய்கிறவளின் மனசு எப்படிப்பட்டது என்பது அந்த அடையாளத்திலேயே தெரிந்துபோகிறது. குணத்தைத்தான் பார்த்தான் அந்த மனுஷன். அப்புறம் அதே அதிகாரத்தின் கடைசிப்பக்கம் நம் வீடுகளில் அவ்வளவாக யாரும் வாசிக்காத ஓர் இடம் இருக்கிறது. "இந்தக் காரியம் கர்த்தரால் வந்தது" என்று அண்ணன் லாபானும் அப்பா பெத்துவேலும் 50-ம் வசனத்திலேயே ஒத்துக்கொண்டாயிற்று. அதற்குப் பிறகும், 57-ம் வசனத்தில், பெண்ணைக் கூப்பிட்டு அவள் வாயாலேயே கேட்போம் என்கிறார்கள். இந்த மனுஷனோடு போகிறாயா என்று கேட்கிறார்கள், போகிறேன் என்கிறாள். கர்த்தரால் வந்தது என்று உறுதியான காரியத்திலேயே பெண்ணைக் கேட்டிருக்கிறார்கள் என்றால், உங்கள் வீட்டில் அக்கா மகனைக் கேட்டுவிட்டு உங்களைக் கேட்காமல் விட்டது எந்த வேதப்படி என்று எனக்குப் புரியவில்லை.

சீட்டு போடுவது அப்போஸ்தலர் 1-ல் இருக்கிறதே என்பார் அப்பா. இருக்கிறது. யூதாசின் இடத்துக்கு ஆள் எடுக்கும்போது, யோவான் ஸ்நானம் கொடுத்த நாள் முதல் கூடவே இருந்தவராக இருக்க வேண்டும் என்று தகுதி வைத்து, இரண்டு பேரை நிறுத்தி, அதற்குப் பிறகுதான் சீட்டு. அடுத்த அதிகாரத்தில் பரிசுத்த ஆவியானவர் இறங்குகிறார், அதற்கப்புறம் புதிய ஏற்பாட்டில் எந்த முடிவுக்கும் சபை சீட்டு போட்டதாக எழுதப்படவில்லை. 6-ம் அதிகாரத்தில் ஏழு பேரைத் தெரிந்தெடுத்தது நற்சாட்சியையும் ஞானத்தையும் பார்த்து. 15-ம் அதிகாரத்தில் பெரிய சண்டையே வந்து, கூடிப் பேசி, "பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது" என்று எழுதினார்கள். "எங்களுக்கும்" என்று அதில் சேர்த்துக்கொள்ள அவர்கள் வெட்கப்படவில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும், சிலருக்குச் சுருக்கென்று இருக்கும். வரன் வரும்போதே சாதி பார்த்து, உட்பிரிவு பார்த்து, சபை பார்த்து, சம்பளம் பார்த்து, நிறம் பார்த்து வடிகட்டிவிடுகிறோம். இதற்கெல்லாம் யாரும் ஜெபித்துக் கேட்பதில்லை. எல்லாம் முடிந்து மிச்சமிருக்கிற இரண்டு மூன்று பேரில் உமது சித்தம் யார் ஆண்டவரே என்று உபவாசம் போடுகிறோம். எத்தனை பவுன் என்று பேசும்போதும் யாரும் சீட்டுப் போட்டுப் பார்க்கிறதில்லை. ரூத் மோவாபியப் பெண். வேறு ஜனம், வேறு ஊர், கட்டின புருஷனை இழந்தவள். அவளுக்குச் சொப்பனமும் வரவில்லை, தரிசனமும் வரவில்லை. மாமியாருக்குச் சோறு போட வேண்டுமே என்று கதிர் பொறுக்கப் போனாள், அது தற்செயலாகப் போவாசின் வயலாக இருந்தது என்று வேதம் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறது. மத்தேயு 1-ல் இயேசுவின் வம்ச வரலாற்றில் அவள் பெயர் இருக்கிறது. நம் ஊர் வரன் பட்டியலில் அவள் பெயர் முதல் நாளே அடிபட்டிருக்கும்.

அப்பாவிடம் நேராகப் பேசுங்கள். எனக்குப் பிடித்திருக்கிறது, அவரைப்பற்றி நன்றாக விசாரியுங்கள் என்று சொல்லுங்கள். வேலை பார்க்கிற இடத்தில், குடியிருக்கிற தெருவில், அவர் போகிற சபையில் கேட்கச் சொல்லுங்கள். நீங்களும் அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். விசுவாசமும் குணமும் நல்லதாகத் தெரிந்தால் ஸ்தோத்திரம் சொல்லிக் கல்யாணம் செய்துகொள்ளுங்கள். கெட்டதாகத் தெரிந்தால், சீட்டு "ஆம்" என்று வந்திருந்தாலும் வேண்டாம்.

கேள்வி: சென்னையில் ஐ.டி. வேலை. போன மாதம் ஒரு கன்வென்ஷனில் பேசிய ஊழியர் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, "கர்த்தர் உன்னை முழுநேர ஊழியத்துக்கு அழைக்கிறார், தாமதிக்காதே" என்றார். நான் குழந்தையில் சாகக் கிடந்தபோது, பிழைத்தால் ஊழியத்துக்குக் கொடுக்கிறேன் என்று அம்மா பொருத்தனை செய்தாராம். தங்கை படிப்புக்கும் வீட்டுக்கும் வாங்கிய கடனுக்கு நான்தான் இ.எம்.ஐ. கட்டுகிறேன். வேலையை விடாவிட்டால் கர்த்தர் அடித்துவிடுவாரோ என்று தூக்கம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் பிரசங்கம் பண்ண ஆசையும் இல்லை. (வாசகர், தாம்பரம்)

பதில்: தம்பி, முதலில் தூங்குங்கள். அடிவாங்கப் பயந்து ஓடுகிறவனை ஊழியத்துக்குச் சேர்த்து கர்த்தர் என்ன செய்யப்போகிறார்?

அம்மாவின் பொருத்தனையைக் குறைத்துச் சொல்லமாட்டேன், சாகக் கிடந்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தாய் செய்தது அது. அன்னாளும் அப்படித்தான் செய்தாள், சாமுவேலைக் கொண்டுபோய் சீலோவில் விட்டாள். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1 சாமுவேல் 3-ல் கர்த்தர் சாமுவேலைப் பேர் சொல்லித் தாமே கூப்பிடுகிறார், ஏலி கூப்பிடுகிறார் என்று நினைத்துப் பையன் திரும்பத் திரும்ப ஓடுகிறான், கடைசியில் "சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்று அவனே வாய்திறந்து சொல்லவேண்டியிருந்தது. அம்மாவின் பொருத்தனை அவனைக் கோவில் வாசல்வரை கொண்டுவந்தது, பதில் சொன்னது அவன். உங்களையும் கர்த்தர் கூப்பிட்டால் உங்களுக்குத் தெரியும்படிதான் கூப்பிடுவார்.

கன்வென்ஷனில் வந்த வார்த்தைக்கு வருகிறேன். தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ணாதிருங்கள் என்று தெசலோனிக்கேயருக்கு எழுதின பவுல், அதே மூச்சில் எல்லாவற்றையும் சோதித்துப்பாருங்கள் என்றும் எழுதினார். கொரிந்தியருக்கு எழுதும்போது, தீர்க்கதரிசிகள் பேசட்டும், மற்றவர்கள் நிதானிக்கட்டும் என்றார். மைக் பிடித்தவர் சொன்னதை உங்கள் சபையில் உங்களைத் தெரிந்த யாராவது நிதானித்தார்களா? 1 இராஜாக்கள் 13-ஐ ஒருமுறை வாசியுங்கள். யூதாவிலிருந்து வந்த தேவனுடைய மனுஷனுக்கு, அங்கே அப்பம் புசிக்காதே, தண்ணீர் குடிக்காதே என்று கர்த்தர் நேராகவே சொல்லியிருந்தார். பெத்தேலில் இருந்த ஒரு கிழத் தீர்க்கதரிசி வந்து, நானும் தீர்க்கதரிசிதான், தூதன் எனக்குச் சொன்னான், வீட்டுக்கு வா என்று பொய் சொன்னான். பாவம், இவன் நம்பிப் போனான், திரும்பும் வழியில் சிங்கம் அடித்துக் கொன்றுபோட்டது. அந்தக் கன்வென்ஷன் ஊழியர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை, அவரை எனக்குத் தெரியாது. ஆனால் அவருக்கும் உங்களைத் தெரியாது. உங்கள் இ.எம்.ஐ.யும் தெரியாது.

இ.எம்.ஐ. என்றால் ஏதோ உலகக் காரியம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். மாற்கு 7-ல் ஒரு கூட்டத்தாரை இயேசு வெளுத்து வாங்குகிறார். அப்பா அம்மாவுக்குக் கொடுக்க வேண்டியதை "கொர்பான்", அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிவிட்டுக் கையை விரித்தவர்கள் அவர்கள். உங்களை நம்பி ஒரு கல்லூரி மாணவியும் ஒரு வீட்டுக்கடனும் இருக்கும்போது, கர்த்தர் பேரைச் சொல்லி அதை நடுவில் விட்டுவிட்டுப் போவதும் கொர்பான் பக்கத்தில்தான் வருகிறது.

சரி, அழைப்பு என்றால் எப்படித்தான் இருக்கும்? நம் ஊர்க்காரர் ஒருவரையே பார்க்கலாம். வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1874-ல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர், ஒரு கிராமத்து ஐயரின், அதாவது சபைப் போதகரின் மகன். படிப்பு முடிந்து ஒய்.எம்.சி.ஏ.வில் செயலாளராக வேலை பார்த்தார். ஊர் ஊராகப் போக வேண்டிய வேலை. 1902-ல் அப்படி யாழ்ப்பாணம் போனபோது, அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே பணம் போட்டு வெளியிடத்துக்கு ஊழியம் நடத்துவதைப் பார்த்தார். அவ்வளவு சபைகளும் அவ்வளவு ஜனமும் உள்ள திருநெல்வேலி இதைச் செய்யவில்லையே என்று உறுத்தியது. அடுத்த வருஷமே, 1903-ல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பமாகிவிட்டது. ஆள் அனுப்புகிற சங்கத்துக்குச் செயலாளராக இருந்தவருக்கு, மற்றவர்களைப் போகச் சொல்லுகிற நாம் போகவில்லையே என்று வந்துவிட்டது போலும், 1909-ல் தெலுங்கு கற்றுக்கொண்டு தோர்ணக்கல் போய்ச் சேர்ந்தார். 1912-ல் அங்கேயே பேராயர் ஆனார், ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். இதில் யாரும் அவரைக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்தவில்லை பாருங்கள். கையில் இருந்த வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்த ஆளின் கண்ணில் ஒரு குறை பட்டது, அதற்கு முதலில் தன்னால் முடிந்ததைச் செய்தார், அது அவரை அடுத்த படிக்குக் கொண்டுபோனது.

உங்கள் கண்ணில் என்ன படுகிறது என்று யோசியுங்கள். பிரசங்கம் ஓடவில்லையா, விடுங்கள். மே மாதம் வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கும், பத்து நாள் பிள்ளைகளோடு இருந்து பாருங்கள். லீவு போட்டு ஒரு மிஷனரிப் பணித்தளத்துக்குப் போய் வாருங்கள், மேடையில் காட்டும் வீடியோவில் இல்லாத கொசுவும் மலேரியாவும் தண்ணீர்த் தட்டுப்பாடும் அங்கே இருக்கும், அதைப் பார்த்த பிறகும் மனசு அந்தப் பக்கமே இழுக்கிறதா என்று பாருங்கள். கடன் முடிய இன்னும் காலம் இருக்கிறது. கர்த்தருக்கு அவசரம் என்றால் பவுலைப்போல் கூடாரமும் தைத்துக்கொண்டு ஊழியமும் செய்ய வைப்பார். அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லுங்கள், அவரும் பயந்துகொண்டுதான் இருப்பார்.

கேள்வி: ஒரு முடிவு எடுத்தபின் மனதில் சமாதானம் இருந்தால் அது தேவ சித்தம் என்கிறார்களே, சரியா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: யோனா கர்த்தருக்கு விரோதமாகத் தர்ஷீசுக்குக் கப்பல் ஏறி, கீழ்த்தட்டில் அயர்ந்து தூங்கினான், புயலடித்தும் எழும்பவில்லை. அவ்வளவு சமாதானம். இயேசு கெத்செமனேயில் பிதாவின் சித்தத்தின் நடுமத்தியில் இருந்தார், வேர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாய் விழுந்தது. இதை வைத்து நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். "தேவசமாதானம் உங்கள் இருதயங்களில் ஆளக்கடவது" என்ற கொலோசெயர் வசனத்தைக் காட்டுவார்கள், அது ஒரே சரீரமாக இருக்கிற சபையார் ஒருவரையொருவர் தாங்கி மன்னித்து நடப்பதைப்பற்றிப் பேசுகிற இடம், முன்னும் பின்னும் வாசித்தால் தெரியும். படபடப்பாக இருந்தால் கொஞ்சம் பொறுத்து முடிவெடுப்பது நல்லதுதான், அதில் தப்பில்லை.

கேள்வி: இந்த வருஷ வாக்குத்தத்தமாக எனக்கு எரேமியா 29:11 கிடைத்தது. அதை நம்பித்தான் கனடாவுக்கு விண்ணப்பித்தேன். விசா நிராகரித்துவிட்டார்கள். வாக்குத்தத்தம் பொய்யா, என் விசுவாசம் குறைவா? (வாசகி, திருச்சி)

பதில்: இரண்டும் இல்லை. அந்த வசனம் விசாவைப்பற்றிப் பேசவில்லை, அவ்வளவுதான். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று அட்டையில் பூப்போட்டு அச்சடித்திருப்பார்கள், நன்றாகத்தான் இருக்கும். அதற்கு முந்தின வசனத்தை யாரும் அட்டையில் போடமாட்டார்கள். பாபிலோனில் 70 வருஷம் நிறைவேறின பின்பு உங்களைத் திரும்பக் கூட்டிவருவேன் என்று இருக்கிறது அதில். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூத ஜனங்களுக்கு எரேமியா எழுதின கடிதம் இது. கடிதம் வந்த அன்று அதை வாசித்துக் கேட்ட பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பாமலே அங்கே செத்திருப்பார்கள். முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒருவன் வந்து, இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும், கர்த்தர் சொல்லுகிறார் என்றான். ஜனங்களுக்கு அவனைத்தான் பிடித்திருக்கும், யாருக்குத்தான் பிடிக்காது? அந்த வருஷமே அவன் செத்துப்போனான். எரேமியா எழுதியது வேறு: அந்த ஊரிலேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், அந்தப் பட்டணம் நன்றாயிருக்க ஜெபம்பண்ணுங்கள்.

வாசல் அடைத்தால் அது சித்தமில்லை என்று அடித்துச் சொல்லவும் எனக்கு மனமில்லை. மிஷனரி ஏமி கார்மைக்கேல் முதலில் போக நினைத்தது சீனாவுக்கு, உடம்பு தாங்காது என்று விடவில்லை. 1893-ல் ஜப்பான் போனார், அங்கே உடம்பு கெட்டது, இலங்கை வந்தார், ஊர் திரும்பினார், 1895-ல் இந்தியா வந்தார். கடைசியில் டோனாவூரில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குத் தாயாகி, 1951-ல் அங்கேயே இறந்தார். மேடையில் இதைச் சொல்லும்போது ஆரம்பத்திலிருந்தே அவர் கையில் வரைபடம் இருந்தமாதிரி சொல்வார்கள். ஜப்பானில் படுத்துக்கிடந்தவருக்கு டோனாவூர் என்று ஓர் ஊர் இருப்பதே தெரிந்திருக்காது. நிராகரிப்புக் கடிதத்தில் காரணம் போட்டிருப்பார்கள், அதைச் சரிசெய்ய முடியுமென்றால் திரும்ப விண்ணப்பியுங்கள். அதுவரை திருச்சியில் செய்யவேண்டியதை, கனடா வரும் என்று தள்ளிப்போட்டிருப்பீர்களே, அதைச் செய்யுங்கள்.

கேள்வி: என் மகன் 22 வயதில் பைக்கில் போகும்போது, குடித்துவிட்டு எதிர்ப்பக்கமாக வந்த லாரி மோதி இறந்துபோனான். ஐந்து மாதமாகிறது. வருகிறவர்கள் எல்லாம் தேவ சித்தம், அழாதே, கேள்வி கேட்காதே என்கிறார்கள். நஷ்ட ஈட்டுக்கு வழக்குப் போடுவதும் சித்தத்துக்கு விரோதம் என்கிறார் என் மைத்துனர். (ஒரு தாய், விருதுநகர்)

பதில்: அம்மா, அழுங்கள். செத்துப்போன லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தே வந்த இயேசு கல்லறைப் பக்கத்தில் கண்ணீர் விட்டார். அவரிடம் போய் யாரும் இது தேவ சித்தம், அழாதீர் என்று சொல்லவில்லை.

யோபுவின் சிநேகிதர்கள் வந்து ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நன்றாகத்தான் இருந்தது. வாயைத் திறந்து விளக்கம் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் கெட்டது, கடைசியில் கர்த்தர் அவர்கள்மேல்தான் கோபப்பட்டார், ஏன் ஏன் என்று கேட்டுப் புலம்பின யோபுவின்மேல் இல்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைப்பற்றிப் பேசும்போது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று இயேசு கேட்டு, இல்லை என்று அவரே பதில் சொன்னார். அவர்கள் ஏன் செத்தார்கள் என்று அவர் விளக்கம் கொடுக்கவில்லை. அவரே கொடுக்காத விளக்கத்தை வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போகிறவர்கள் கொடுக்கிறார்கள்.

கர்த்தருக்குத் தெரியாமல் ஒன்றும் நடக்காது என்று நானும் விசுவாசிக்கிறேன். ஆனால் நடப்பதெல்லாம் அவருக்குப் பிரியமானது என்று சொல்ல வேதம் விடவில்லை. உம்முடைய சித்தம் பரமண்டலத்திலே செய்யப்படுகிறதுபோல பூமியிலேயும் செய்யப்படுவதாக என்று ஜெபிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார். பூமியில் எல்லாம் ஏற்கெனவே அவர் சித்தப்படிதான் நடக்கிறது என்றால் அந்த ஜெபமே எதற்கு? குடித்துவிட்டு லாரியை எடுத்தது அந்த ஓட்டுநரின் சித்தம். அதைத் தூக்கிக் கர்த்தர் தலையில் வைக்க வேண்டாம்.

வழக்கு விஷயத்தில் மைத்துனர் சொல்வதைக் கேட்காதீர்கள். நியாயம் கேட்பதைக் கர்த்தர் எங்கேயும் தடுக்கவில்லை. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கக் காலக்கெடு உண்டு, ஐந்து மாதம் போய்விட்டது என்கிறீர்கள், இந்த வாரமே ஒரு வக்கீலைப் பாருங்கள். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, மகனின் வயதுக்கும் சம்பளத்துக்கும் உள்ள சான்றுகள் எல்லாவற்றையும் எடுத்துப்போங்கள். கட்டணம் கொடுக்க முடியாது என்றால் கோர்ட் வளாகத்திலேயே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும், பெண்களுக்கு அங்கே இலவசமாகவே வக்கீல் கொடுப்பார்கள்.

கேள்வி: கணவர் அடிக்கிறார். போன மாதம் கை எலும்பு முறிந்தது. சபை மூப்பர்கள் இது உன் சிலுவை, சுமந்து ஜெபி, பிரிவது தேவ சித்தமல்ல என்கிறார்கள். (பெயரும் ஊரும் வேண்டாம்)

பதில்: சவுல் ஈட்டியை எறிந்தபோது தாவீது என்ன செய்தான்? ஈட்டி சுவரில் பட்டது, அன்று ராத்திரியே தப்பி ஓடினான். சவுல் கர்த்தரால் அபிஷேகம் பண்ணப்பட்ட ராஜா, அவன்மேல் கைபோடமாட்டேன் என்று கடைசிவரை சொன்னவன்தான் தாவீது, ஆனாலும் ஈட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு ஜெபித்துக்கொண்டிருக்கவில்லை. அவனை விசுவாசம் இல்லாதவன் என்று எந்தப் பிரசங்கியாரும் சொல்லிக் கேட்டதில்லை.

சிலுவை என்பது கிறிஸ்துவுக்காகச் சுமப்பது. குடிபோதையிலோ ஆத்திரத்திலோ ஒருவர் உங்கள் கையை ஒடிப்பது அவருடைய பாவம், தண்டனைக்குரிய குற்றமும்கூட. விவாகரத்தைக் கர்த்தர் வெறுக்கிறார் என்று மல்கியாவைக் காட்டுகிற மூப்பர்கள், அதே வசனத்தில் அடுத்தாற்போல் கொடுமையைப்பற்றியும் இருப்பதை வாசித்துக் காட்டட்டும். விவாகரத்தா வேண்டாமா என்பதை அப்புறம் நிதானமாக யோசிக்கலாம், இப்போது கேள்வி அது இல்லை. இப்போது நீங்களும் பிள்ளைகள் இருந்தால் அவர்களும் அந்த வீட்டைவிட்டு வேறு இடத்துக்குப் போக வேண்டும். அம்மா வீடு, அக்கா வீடு, யார் வீடாவது. 181 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், பெண்களுக்கான உதவி எண். 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில், அவர் உங்களை நெருங்கக் கூடாது என்று பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம், அதே வீட்டில் குடியிருக்கும் உரிமையும் கேட்கலாம். எலும்பு முறிவுக்கு எடுத்த எக்ஸ்ரேயையும் மருத்துவமனைச் சீட்டையும் பத்திரமாக வேறு யாரிடமாவது கொடுத்து வையுங்கள். ஜெபத்தை அங்கே போய்ப் பண்ணுங்கள். மூப்பர்கள் ஜெபிக்க விரும்பினால் உங்கள் கணவர் வீட்டில் போய் ஜெபிக்கட்டும், அவருக்குத்தான் தேவை.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வயது 71. வாலிபத்தில் வட இந்தியாவுக்கு மிஷனரியாகப் போவதாக ஒரு கூட்டத்தில் கைதூக்கி அர்ப்பணித்தேன். போகவில்லை. கல்யாணம், வேலை என்று போய்விட்டது. தேவனுடைய நோக்கத்தைத் தவறவிட்டு, மிச்ச வாழ்க்கையை இரண்டாம் தரமாக வாழ்ந்துவிட்டேன் என்ற எண்ணம் இப்போது அரிக்கிறது. (வாசகர், சாத்தான்குளம்)

பதில்: ஐயா, போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாததைச் சாதாரணம் என்று நான் சொன்னால் உங்களுக்கே பிடிக்காது. அதைக் கர்த்தரிடம் சொல்லிவிடுங்கள், ஏற்கெனவே பலமுறை சொல்லியிருப்பீர்கள் என்றால் திரும்பச் சொல்ல வேண்டாம், அவர் கேட்டுவிட்டார்.

மாற்கு என்கிற யோவான் பம்பிலியாவில் பவுலையும் பர்னபாவையும் பாதியில் விட்டுவிட்டு எருசலேமுக்குத் திரும்பிப் போனான். அடுத்த பிரயாணத்தில் அவனைச் சேர்த்துக்கொள்ளமாட்டேன் என்று பவுல் ஒற்றைக்காலில் நின்றார், அதனால் பர்னபாவும் அவரும் பிரிந்தே போனார்கள். வருஷங்கள் கழித்து, சாவுக்குக் காத்திருந்த சிறையிலிருந்து அதே பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார்: மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன். மேலங்கியையும் புஸ்தகங்களையும் கொண்டுவரச் சொல்லுகிற அதே பகுதியில் இதுவும் இருக்கிறது. இடையில் மாற்கு இரண்டாம் தர ஆளாக எங்கோ கிடந்தான் என்று எனக்குத் தோன்றவில்லை, பர்னபாவோடு சீப்புருவில் வேலைதான் செய்துகொண்டிருந்தான்.

உங்கள் பள்ளியில் எத்தனை பிள்ளைகள் முதல் தலைமுறையாக எழுத்துக் கூட்டி வாசித்தார்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும். நியாயஞ்செய்து, இரக்கத்தைச் சிநேகித்து, மனத்தாழ்மையாய் நடப்பதைத் தவிர வேறு என்ன கேட்கிறார் என்று மீகா எழுதினதில் ஊர் பேர் ஒன்றும் போடவில்லை, அது வட இந்தியாவுக்கும் பொருந்தும், சாத்தான்குளம் பள்ளிக்கும் பொருந்தும். அந்த 71 வயதையும் தலைமையாசிரியர் அனுபவத்தையும் வைத்துக்கொண்டு இன்னும் செய்ய வேண்டும் என்றிருந்தால், மிஷனரிகள் தங்கள் பிள்ளைகளைப் படிக்க வைக்கப் படுகிற பாட்டைக் கேட்டுப் பாருங்கள். பணித்தளத்தில் நல்ல பள்ளி இருக்காது, விடுதியில் விட்டுவிட்டு வருஷத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்குக் கணக்கும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுக்க ஆள் தேவைப்படுகிற விடுதிகள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. உங்கள் சேகரத்து ஐயரிடம் கேட்டால் விலாசம் கொடுப்பார். பள்ளி திறப்பது ஜூன் மாதம், அதற்குள் போய்ப் பேசிவிடுங்கள்.